அரசர் சொல் திரும்பாது

உலூலு மாதம், 6

எங்கள் தீவை விற்றவர்கள் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள். பாரசீகத் தூதன் வந்து ஒரு பிடி மண்ணும் ஒரு குடம் தண்ணீரும் கேட்டான். இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார்களாம். மண்ணையும் தண்ணீரையும் கொடுத்தவன் அவற்றை நம்பிப் பிழைக்கிற எல்லோரையும் கொடுத்துவிட்டான் என்பது பாரசீகர் வழக்கம். மறு வருஷம் வரி கேட்டு ஆள் வந்தபோதுதான் அவர்களுக்கு அது உறைத்தது. உடனே வீரம் வந்துவிட்டது. கரையோர நகரங்களின் கலகத்தில் சேர்ந்துகொண்டார்கள். அரசரின் போர்க்கப்பல்கள் கடலில் தெரிந்த அன்று தங்கள் கப்பல்களில் ஏறிப் போய்விட்டார்கள். கப்பல் இல்லாதவர்கள் தீவில் இருந்தோம்.

சிப்பாய்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கைகோத்து வரிசையாக நின்று, வடமுனையிலிருந்து தென்முனைக்கு நடந்தார்கள். மீனுக்கு வலை இழுப்பது போல. புதரில் ஒளிந்தவன், கிணற்றில் இறங்கியவன், எல்லோரும் அகப்பட்டார்கள். என்னையும் அக்கா மெலித்தாவையும் அவள் கணவன் ஹெர்மோனையும் ஓர் ஆட்டுக்கொட்டிலில் பிடித்தார்கள்.

அது வசந்தத்தில். இப்போது கோடை முடிகிறது. அரசரின் நெடுஞ்சாலை முழுவதையும் நடந்து தீர்த்து, இன்று பார்சா வந்து சேர்ந்தோம். இங்கே மலையடிவாரத்தில் அரசருக்கு மாளிகை கட்டுகிறார்கள். ஹெர்மோன் எங்களோடு இல்லை. வாய்க்கால் வெட்டத் தெரிந்த ஆண்களைச் சூசா நகரில் தனியே பிரித்து, கிழக்கே பாக்ட்ரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா கர்ப்பமாக இருக்கிறாள்.

உலூலு, 9

யாரும் எங்களை அடிக்கவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். வாற்கோதுமை அளந்து கொடுக்கிறார்கள். கொஞ்சம் திராட்சைச் சாராயமும் உண்டு. எகிப்துக்காரர்கள் தங்கள் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், பாபிலோன்காரர்கள் தங்கள் தெய்வத்தை. எங்கள் ஆட்கள் ஒரு கல்லை நட்டு எண்ணெய் ஊற்றினார்கள். காவலன் எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் போதுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

இங்கே நடப்பது ஒன்றுதான். கல் எங்கே தேவையோ அங்கே கல் போகிறது. ஆள் எங்கே தேவையோ அங்கே ஆள் போகிறான். கல்லைக் கேட்டுவிட்டு யாரும் நகர்த்துவதில்லை.

உலூலு, 13

என்னைத் துபாஷி ஆக்கிவிட்டார்கள். துறைமுகத்தில் பினீசிய வியாபாரிகளோடு திரிந்தபோது கற்ற அரமேய மொழி இங்கே சோறு போடுகிறது. பாதி உலகத்தை ஆள்கிற அரசர் தன் மொழியில் ஆள்வதில்லை. எல்லாக் கட்டளையும் அரமேயத்தில்தான் வருகிறது, போகிறது. எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்வது என் வேலை.

என் மேலதிகாரி பகபாதர். பாரசீகர். நரைத்த தாடி, வயிற்று வலிக்காரர், குரலை உயர்த்துவதே இல்லை. "துபாஷிக்கு ரெண்டு தப்பு வரக்கூடாது. கூட்டிச் சொல்றது ஒண்ணு, அழுதுக்கிட்டுச் சொல்றது இன்னொண்ணு" என்றார்.

இவரை வெறுப்பது சிரமமாக இருக்கும் போலிருக்கிறது. அதுதான் எரிச்சலாக வருகிறது.

உலூலு, 25

அக்காவைத் தறிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. வேறொன்றும் இல்லை.

தஷ்ரீத்து மாதம், 4

படிக்கட்டுச் சுவரில் சிற்பம் செதுக்குகிறார்கள். அரசருக்குக் கீழ்ப்பட்ட எல்லா இனத்தாரும் காணிக்கை கொண்டுவருகிற வரிசை. எங்கள் ஆட்கள் வருகிற இடத்துக்கு என்னை அழைத்துப்போய், உடை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். நூல்கண்டும் கிண்ணமும் ஏந்தி நாங்கள் நடந்து வருகிறோம். ஒருவனுக்கும் முதுகு வளையவில்லை. எவன் கையிலும் கட்டு இல்லை. முன்னால் ஒரு பாரசீக அதிகாரி முதல் ஆளின் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார், கல்யாண வீட்டில் சம்பந்தியை அழைத்துப் போவது போல.

மேலாடையின் மடிப்பு இடது தோளில் விழ வேண்டும் என்றேன். வரைந்திருந்த கோட்டை அழித்துத் திருத்தினார்கள். இந்த நாட்டில் பிறத்தியார் மடிப்பைக்கூடத் தப்பாகச் செதுக்க மாட்டார்கள்.

மடிப்பு நன்றாக வந்திருக்கிறது.

தஷ்ரீத்து, 16

நாளை மறுநாள் 'அரசரின் காது' வருகிறாராம். அது ஒரு பதவி. ஒவ்வொரு மாகாணத்துக்கும் வந்து, ஆளுநர் என்ன செய்கிறார், குடிகளுக்கு என்ன குறை என்று கேட்டு, நேராக அரசரிடம் சொல்லுகிறவர். ஆளுநர்களே இவர் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்கிறார்கள். எந்தக் கடைசி ஆளும் இவர் முன்னால் நின்று பேசலாம்.

ஹெர்மோனை இங்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம்டா."

"ஏன்?"

"அவங்க கண்ணுல படாம இருக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு. இந்தக் கூடத்துல என்னை யாருக்கும் தெரியாது. புள்ளை பொறக்கிற வரைக்குமாவது தெரியாமலே இருக்கட்டும்."

அடிமைப் புத்தி என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். நூல் அறுந்துவிட்டது. முடி போட்டு மறுபடி நெய்தாள்.

தஷ்ரீத்து, 18

பேசிவிட்டேன். காதுக்காரர் ஒரு பெரிய சினார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இளைத்த மனிதர். என் அரமேயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார். பகபாதர் ஆளுநருக்குச் சொல்லுகிற மரியாதைச் சொற்களையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. பாக்ட்ரியாவில் வாய்க்கால் வெட்டும் ஹெர்மோனை அவன் மனைவி இருக்கும் பார்சாவுக்கு மாற்ற வேண்டும், நெறிதவறாத அரசரின் நிழலில் கைப்பிடித்த கணவனும் மனைவியும் பிரிந்திருப்பது அழகல்ல என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இவ்வளவு நன்றாகப் பேசிய ஆளை நான் சமீபத்தில் பார்த்ததில்லை என்று காதுக்காரர் பகபாதரிடம் சொன்னார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது தலையை ஆட்டினாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

அரஹ்சம்னு மாதம், 8

குளிர். பகபாதர் எனக்கு ஒரு கால்சட்டையும் உரோமம் வைத்த பாதணியும் கொடுத்தார். கால்சட்டை பாரசீகர் உடை. எங்கள் ஊரில் அதைப் போட்டவனை நாய்கூடக் குரைத்துத் துரத்தும். தறிக்கூட வாசலில் எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாரு, ரெண்டு காலையும் தனித்தனியா மூட்டை கட்டியிருக்கான். எங்க தூக்கிட்டுப் போவப்போறான்?" என்றாள் ஒருத்தி. அக்காவும் சிரித்தாள். தீவை விட்ட பிறகு இன்றுதான் சிரித்திருக்கிறாள்.

கதகதப்பாகத்தான் இருக்கிறது.

கிஸ்லிமு மாதம், 11

பெண் குழந்தை. இனோ என்று பெயர். சின்னஞ்சிறு முகம், ஹெர்மோனின் மூக்கு. அக்கா பிழைத்துக்கொண்டாள்.

கிஸ்லிமு, 14

பிள்ளை பெற்றவளுக்குத் தானியம் கூடுதலாகக் கொடுப்பது இங்கே வழக்கம். போய்க் கேட்டேன். மகனைப் பெற்றவளுக்குக் கொடுப்பதில் பாதிதான் மகளைப் பெற்றவளுக்கு. பகபாதரிடம் போய், பெண் குழந்தைக்குப் பசியும் பாதிதானா ஐயா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தான் போட்ட சட்டமில்லை என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே, அடுத்ததைப் பையனாகப் பெற்றுக்கொள்ளச் சொல் என்றார்.

புருஷனைப் பாலைவனத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டு அடுத்ததைப் பற்றிப் பேசுகிறார். திரும்பி வந்து என் பங்குத் தானியத்தில் பாதியை அக்காவின் பானையில் கொட்டினேன்.

தெபேத்து மாதம், 20

அக்கா நன்றாகவே இருக்கிறாள். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாக இருக்கிறாள். ஹெர்மோனுக்கென்று ஒரு கம்பளி மேலாடை நெய்கிறாள், கழிவு நூலில். குழந்தையை ஒரு பாபிலோன்காரி மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறாள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்குப் புரியாது. நாள் முழுக்கப் பேசுகிறார்கள். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவதே இல்லை.

ஷபாத்து மாதம், 5

வந்துவிட்டது. முத்திரை வைத்த கட்டளை. அரசரே கேட்டிருக்கிறார், அரசரே பேசியிருக்கிறார். பகபாதர் எழுந்து நின்று வாசித்தார். நானும் நின்றேன்.

மனைவியும் கணவனும் பிரிந்திருப்பது அரசருக்கு வருத்தம் தருகிறது. பாக்ட்ரியாவில் வாய்க்கால் வேலை நிற்க முடியாது. அங்கே உயிரோடிருந்து உழைக்கும் ஹெர்மோனிடம் அவன் மனைவியைக் கொண்டுசேர்க்க வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு சாவடியிலும் அவளுக்கு மாவும் சாராயமும் கொடுக்க வேண்டும். வழிகாட்டி ஒருவன் கூடப் போக வேண்டும். இந்த மாதத்துக்குள் புறப்பட வேண்டும்.

நான் கேட்டது இது இல்லை என்றேன். பகபாதர் கட்டளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தார்.

"நீ கேட்டதுக்கு மேலயே கொடுத்திருக்கார். பொண்ணோட வழிச்செலவுக்கு அரசரே கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை."

"மலையெல்லாம் பனி ஐயா. கைக்குழந்தை."

"அதுக்குத்தான் வழிகாட்டி."

ஷபாத்து, 6

அக்காவிடம் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்தாள். பிறகு, "எப்போ?" என்றாள்.

ஷபாத்து, 12

கிழக்கேயிருந்து ஒரு கூட்டம் வந்தது, உடைந்தவர்களும் நோயாளிகளும். இங்கே யாரையும் தூக்கி எறிவதில்லை. நடக்க முடிந்தவனைக் கல் சுமக்க வைப்பார்கள், நடக்க முடியாதவனைக் கம்பளி சிக்கெடுக்க வைப்பார்கள். அதில் எங்கள் தீவுக்காரன் திமாஸ் இருந்தான். செருப்புத் தைக்கிறவன். ஹெர்மோனோடு பிரித்து அனுப்பப்பட்டவன். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. "ஒரு காலை அங்க வச்சுட்டு வந்துட்டேன். அரசருக்கு நான் கட்டின வரி அதுதான்" என்று சிரித்தான்.

ஹெர்மோன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

பாக்ட்ரியா போய்ச் சேரவே இல்லையாம். உப்புப் பாலைவனத்தில் வயிற்றுப்போக்கு. கோடையிலேயே. புதைக்க மண் தோண்ட வரவில்லை, உப்பைத்தான் அள்ளிப் போட்டார்களாம். அவன் பெயருக்கு வேறொருவனை அந்த வரிசையில் நிறுத்தி எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டு போயிருக்கிறார்கள்.

நான் மரத்தடியில் நின்று அவ்வளவு அழகாகப் பேசிய அன்று அவன் உப்புக்குள் இருந்திருக்கிறான்.

ஷபாத்து, 13

திமாஸைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பகபாதரிடம் போனேன். அவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், அழாமல், மொழிபெயர்த்தேன். பகபாதர் முழுக்கக் கேட்டார். திமாஸை உட்காரவைத்து, குடிக்கக் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"இந்தாளு பொய் சொல்லலை. தெரியுது."

"அப்போ நிறுத்திடலாம் இல்லையா ஐயா?"

"எதை?"

"அக்காவை அனுப்புறதை."

பகபாதர் கீழே சமவெளியைக் காட்டினார். அங்கே ஆற்றின் நடுவில் பாதிச் சுவர் ஒன்று நிற்கிறது, நான் பல நாள் பார்த்து என்ன அது என்று யோசித்ததுண்டு. "பழைய அரசர் ஒருத்தர், இந்த இடத்துல சுவர் நிக்கட்டும்னு சொன்னார். அப்புறம் ஆறு தெசை மாறி அந்த இடத்துக்கே வந்துடுச்சு. வருஷா வருஷம் வெள்ளம் சுவரைக் கொண்டுபோகும். வருஷா வருஷம் நாங்க கட்டுறோம். என் அப்பா கட்டினார், நான் கட்டினேன். அரசர் வாயால வந்த சொல் திரும்பாது தம்பி. அவரே நெனைச்சாலும் திருப்ப முடியாது. அதை நம்பித்தான் இவ்வளவு பெரிய நாடு நிக்குது. ஒரு சொல்லு திரும்புச்சுன்னா எல்லாச் சொல்லும் திரும்பும்."

"அவன் செத்துட்டான் ஐயா."

"உயிரோட இருக்கான்னு அரசர் சொல்லியிருக்கார்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அந்த ஈரத்தை வைத்து என்ன செய்வது? நான் அதன்மேல் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. சரி ஐயா என்றேன்.

ஷபாத்து, 14

அக்காவிடம் சொல்லவில்லை. நடக்கிறவளுக்கு ஒரு காரணம் வேண்டும். திமாஸையும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். கம்பளி சிக்கெடுக்க அவனைத் தறிக்கூடத்துப் பக்கம்தான் போட்டிருக்கிறார்கள்.

ஷபாத்து, 19

அக்கா கூப்பிட்டனுப்பினாள். வழியில் பேசச் சில அரமேயச் சொற்கள் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். தண்ணீர் என்பதற்கு, நெருப்பு என்பதற்கு, பால் என்பதற்கு. திருப்பித் திருப்பிச் சொன்னாள். நாக்கு வரவில்லை. பாபிலோன்காரி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாள்.

"'கொஞ்சம் நில்லுங்க'ன்னு எப்படிச் சொல்லணும்?"

சொன்னேன்.

"சொன்னா நிப்பாங்களா?"

நிற்பார்கள் என்றேன். அரசரின் கட்டளை என்றேன்.

"'இவளைக் கொஞ்சம் வச்சுக்கங்க'ன்னு?"

அது எதற்கு என்று கேட்டேன். குழந்தையின் துணியை இழுத்து மூடினாள். அதையும் சொல்லிக்கொடுத்தேன். அதை மட்டும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

ஷபாத்து, 24

போய்விட்டாள்.

விடிந்து வெயில் வந்த பிறகுதான் புறப்பட்டார்கள். வழிகாட்டி நல்லவனாகத் தெரிந்தான், அவளுடைய மூட்டையை அவனே வாங்கிக் கழுதைமேல் வைத்தான். பகபாதர் தன் வீட்டிலிருந்து ஓர் ஆட்டுத்தோல் அனுப்பியிருந்தார், குழந்தைக்கு. தறிக்கூடத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். திமாஸ் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஹெர்மோனுக்கு நெய்த மேலாடையை என் தோளில் போட்டாள். நீளம் அதிகம், எனக்குத் தரையைத் தொடுகிறது.

"இது அத்தானுக்கு நெய்ஞ்சது அக்கா. கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்க மாட்டாரு" என்றாள்.

குளிரில் அவளுக்குப் பேச்சு ஒழுங்காக வரவில்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் கால்சட்டையைப் பார்த்து, மூட்டை அவிழாமப் பாத்துக்க என்றாள். குழந்தையை ஒருமுறை என் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. வளைவு திரும்பும்வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைச் சுமந்து நடக்கிறவளுக்குத் திரும்பிப் பார்ப்பது சிரமம்.

அத்தாரு மாதம், 2

பனி.

அத்தாரு, 3

பனி.

அத்தாரு, 27

வழிகாட்டி திரும்பி வந்தான். ஒரு மாகாணத்து வழிகாட்டி அந்த மாகாண எல்லைவரைதான் போவான், அங்கே அடுத்தவனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டேன் என்றான். நடந்தாளா? நடந்தாள். குழந்தை? துணிக்குள் வைத்திருந்தாள். அழுததா? யோசித்தான். மலைக்கு இந்தப் பக்கம் அழுதது என்றான். அந்தப் பக்கம்? காற்று பெரிதாக இருந்தது, காதில் எதுவும் விழவில்லை என்றான்.

முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். அடுத்தவர் குழந்தையின் முகத்தை எதற்குப் பார்ப்பது, கண் பட்டுவிடும் என்றான்.

நிசானு மாதம், 3

புது வருஷத்துக்கு அரசர் வந்திருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட நாட்டார் வரிசையில் காணிக்கையோடு ஏறினார்கள். என்னைப் பின்வாசலில் நிறுத்திவிட்டார்கள். குடையைப் பார்த்தேன். குடைக்குக் கீழே யாரோ நடந்து போனார்.

நிசானு, 16

புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஏதோ மலைநாட்டார், பாதிப் பேருக்குக் காலில் புண். அவர்களில் ஒருவனுக்குக் கொஞ்சம் எங்கள் மொழி தெரிந்தது, அதனால் என்னை அனுப்பினார்கள். பயப்படாதீர்கள், இங்கே நாங்கள் யாரையும் அடிப்பதில்லை, உங்கள் தெய்வம் உங்களுக்கு, தானியம் அளந்து கொடுப்போம் என்று சொன்னேன். ஒரு கிழவன் என் பாதணியைத் தொட்டுக் கும்பிட்டான்.

எனக்குச் சாராயப் பங்கைக் கூட்டியிருக்கிறார்கள். திமாஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் நிறையக் குடிக்கிறான். ஒருநாள் குடித்துவிட்டு, உங்கக்கா என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்கலை தெரோன், என் காலைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, அவ்வளவுதான் என்றான். உளறாதே என்று எழுந்து வந்துவிட்டேன்.

அய்யாரு மாதம், 9

ஊருக்கு வெளியே அஞ்சல் குதிரைச் சாவடி இருக்கிறது. வேலை முடிந்து நான் அங்கேதான் போகிறேன். ஒருவன் ஒரு நாள் தூரம் ஓட்டி வந்து அடுத்தவன் கையில் பையைக் கொடுக்கிறான். அவன் அடுத்தவன் கையில். இப்படிக் கைமாறிக் கைமாறி, அரசரின் சொல் நாங்கள் மாதக்கணக்கில் நடந்த தூரத்தைச் சில நாட்களில் கடந்துவிடுகிறது. இதைவிட வேகமாகப் போகிறது பறவை மட்டும்தான் என்று சாவடிக்காரர்கள் பெருமையடிக்கிறார்கள். பாக்ட்ரியாவில் ஓர் ஒட்டகம் செத்தால் இங்கே தெரியும்.

ஓட்டுகிறவன் நிற்கக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது. அது சட்டம். பேசினால் தண்டனை அவனுக்கு.

இன்று கிழக்கேயிருந்து ஒருவன் வந்தான். புழுதி மூடி, கண் மட்டும் தெரிந்தது. அவன் குதிரை மாற்றுகிற நேரத்தில் போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். சாவடிக்காரர்கள் என் கால்சட்டையையும் பாதணியையும் பார்த்து அதிகாரி என்று நினைத்து ஒதுங்கினார்கள். அரமேயத்தில் கேட்டேன். தெரிந்த கொஞ்சம் பாரசீகத்தில் கேட்டேன். கடைசியில் என் மொழியிலேயே கேட்டேன். அவன் என்னைத் தாண்டிச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். குதிரை என்னைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. கூடவே ஓடினேன். ஓட ஓடக் கத்தினேன்.

"ஷபாத்து மாசம் பார்சாவுலேருந்து கிளம்பின பொம்பளை. கையில ஒரு பொண்ணு. பேரு மெலித்தா. இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."